உம்மாவின் தொலைபேசி எண்

(பொன்விழாவையொட்டி நடந்த மகளிர் நல நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





பெண்களின் உடல்நலம் பற்றிப் பேச ஒரு பலசரக்குக் கடைக்காரன் எதற்கு என்று நினைப்பீர்கள். நானும் செயலாளரிடம் அதையே கேட்டேன். “மருத்துவத்தை டாக்டர் பேசுவார். உங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் பேசுங்கள்” என்றார். உம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் உம்மாவைக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். பதிவு கவுண்டரில் உம்மாவின் அடையாள அட்டையைக் கொடுத்ததும் நான், படிவத்தை நிரப்பியதும் நான். தொலைபேசி எண் கேட்ட இடத்தில் கடை எண்ணை எழுதினேன்; கைக்குப் பழகிய எண். அவர்கள் பதிவில் நாங்கள் காலி செய்துவிட்ட வீவக வீட்டின் முகவரி இருந்தது. அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முடிவு வந்ததும், மறுபரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடைக்கு இரண்டு முறை அழைத்திருக்கிறார்கள். எடுத்தது கடைப் பையன். “அவங்க இங்கே இல்லை” என்று வைத்துவிட்டான். நோயாளியைத் தவிர மற்றவரிடம் விவரம் சொல்லக் கூடாது என்பது சரியான விதிதான். கடிதம் பழைய வீட்டுக்குப் போனது. நாங்களோ, தகவல் வரவில்லை, அப்படியென்றால் எல்லாம் நலம் என்று இருந்துவிட்டோம். நான்கு மாதம் கழித்து ராத்தா கேட்ட பிறகே விசாரித்தோம். அல்ஹம்துலில்லாஹ், புற்றுநோயாக மாறாத நிலை. சிறிய சிகிச்சையோடு முடிந்தது. இந்த நோய் பொதுவாகப் பல ஆண்டுகள் எடுத்து மெதுவாக வளர்வது. அந்த அவகாசம்தான் எங்களைக் காப்பாற்றியது.

கடையில் ஒரு மூட்டை மிளகாய் இறங்கினால் யார் பெயரில், எந்த எண்ணுக்கு என்று மூன்று முறை சரிபார்ப்பேன். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்ததும் இதைத்தான். உம்மா விஷயத்தில் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

பிறகு நம் குடும்பங்களில் கேட்டுப் பார்த்தேன். பல பெண்களின் பதிவில் இருப்பது கணவர் எண், இல்லையென்றால் மகன் எண். சிங்பாஸும் கணவர் கைப்பேசியில்தான். ஹெல்த்ஹப்பில் தன் பரிசோதனை முடிவைப் பார்க்கவும் அவர் கடை அடைத்து வரும்வரை காத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து கல்யாணமாகி வரும் பெண்களுக்கு இன்னொரு சிக்கல். நீண்டகால வருகை அட்டையில் ஓர் எண். நிரந்தரவாசம் கிடைத்ததும் வேறு எண். முதல் பிள்ளை அறுவை சிகிச்சையில் பிறந்த விவரம் ஓர் எண்ணில் கிடக்க, இரண்டாவது கர்ப்பம் இன்னோர் எண்ணில் பதிவாகலாம். எண் மாறியதை மருத்துவமனையில் சொல்லி, பழைய பதிவோடு சேர்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் வாப்பா பெயரும் இருப்பதால் சிலரை அந்தப் பெயரில் கூப்பிடுவதும் உண்டு. யாரோ ஓர் ஆணைக் கூப்பிடுகிறார்கள் என்று எங்கள் மச்சி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்!

கவுண்டரில் இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. தேக்காவை ஒட்டிய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் சாதனை அது. அத்தனை பேரையும் ஏட்டிலும் அட்டையிலும் எழுதிச் சமாளித்தார்கள். இன்று கணினி இருக்கிறது. ஆனால் நாம் கொடுத்த எண்ணுக்குத்தான் அதுவும் அழைக்கும். ஒரு வேண்டுகோள் மட்டும்: “கடைசி மாதவிடாய் எப்போது?” என்று எல்லார் முன்னும் உரக்கக் கேட்டால், பக்கத்தில் மாமனார் நிற்கும் பெண் “ஞாபகம் இல்லை” என்றுதான் சொல்வாள். பிரசவத் தேதிக் கணக்கு தொடங்குவதே அந்தத் தேதியில். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லலாம். “இது உங்கள் சொந்த எண்ணா?” என்று அவளிடமே கேட்கவும் அதிக நேரம் ஆகாது.

திருமணமான சகோதரிகளுக்கு 25 முதல் 29 வயது வரை 3 ஆண்டுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர். 30 வயதிலிருந்து 5 ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை. பலதுறை மருந்தகத்திலேயே செய்துகொள்ளலாம்.

வெளியே மகளிர் பிரிவுத் தொண்டூழியர்கள் மேசை போட்டிருக்கிறார்கள். சொந்தக் கைப்பேசியோடு போனால் சிங்பாஸ் அமைத்து, ஹெல்த்ஹப்பைத் திறந்து காட்டுவார்கள். உம்மாவும் அங்கேதான் இருக்கிறார். மலாயிலும் கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம். சகோதரர்களே, நாம் அந்தப் பக்கம் போக வேண்டாம். தேநீர் இந்தப் பக்கம் இருக்கிறது.