முதலில் மலை, பிறகு கடல்: ஷார்ம் எல் ஷேக்

எகிப்தின் சினாய் தீபகற்பம் தெற்கே போகப் போகக் குறுகி, செங்கடலில் இறங்கி முடியும் இடத்தில் இருக்கிறது ஷார்ம் எல் ஷேக். மேற்கே சூயஸ் வளைகுடா, கிழக்கே அகாபா வளைகுடா. மழையும் மரமும் அபூர்வம். பின்னால் செம்பழுப்பு மலைகள், முன்னால் கடல், நடுவே விடுதிகள். 1967 போரில் இஸ்ரேல் கைக்குப் போன இந்தப் பகுதி 1982இல் எகிப்துக்குத் திரும்பி வந்தது. இன்றைய விடுதி நகரம் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்ததுதான். ஆகவே பழைய கோட்டை, குறுகிய சந்து, நூற்றாண்டு கண்ட கடைத்தெரு என்று தேடி வருபவருக்கு இங்கே ஏமாற்றமே மிஞ்சும். ஊரின் சொத்தெல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

அந்தத் தண்ணீர் தெளிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூடச் செங்கடலில் கலப்பதில்லை. ஆறு கொண்டுவரும் வண்டல் இல்லாததால் 20, 30 மீட்டர் தொலைவுவரை கண்ணுக்குத் தெரிகிறது. மழையும் இல்லை, வெயிலில் நீர் ஆவியாவதும் அதிகம். அதனால் உப்பும் கூடுதல். பெருங்கடல்களில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் என்றால் இங்கே 40 கிராம். உப்பு கூடினால் உடல் மிதக்கும். புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா பழகியவர் அங்கே கட்டிய அதே ஈயக்கட்டிகளோடு இங்கே குதித்தால், மற்றவர்கள் கீழே போய்விட, அவர் மட்டும் மேலே மிதந்துகொண்டிருப்பார். ஓரிரு கிலோ கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

போகும் மாதத்தைப் பொறுத்து உடையும் மாறும். பிப்ரவரியில் நீரின் வெப்பம் 21, 22 டிகிரி. தடித்த ரப்பர் உடை இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்காது. ஆகஸ்டில் 28 டிகிரி. ஆனால் கரையில் வெயில் 40ஐத் தொடும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை நீரும் கரையும் இரண்டுமே இதமாக இருக்கும். ராஸ் முகமது தேசியப் பூங்காவில் மீன்கள் பெருங்கூட்டமாகத் திரள்வதைப் பார்ப்பதே நோக்கம் என்றால் ஜூன், ஜூலையின் வெயிலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

விடுதியைத் தேர்வதில் விலையைவிடக் கரையைப் பார்ப்பது நல்லது. மெரினா போல் கால் நனைத்து நடக்கும் மணற்கரை இங்கே எல்லா இடத்திலும் இல்லை. பல விடுதிகளின் முன்னால் பவளப்பாறை கரையை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. அதன் மேல் நடப்பது குற்றம். முள்ளில் நஞ்சுள்ள கல்மீன் கிடந்தால் காலுக்கும் ஆபத்து. ஆகவே பாறையைத் தாண்டிப் போடப்பட்ட மிதவைப் பாலத்தின் நுனிக்குப் போய், அங்கிருந்து நேராக ஆழத்தில் இறங்க வேண்டும். நீந்தத் தெரிந்தவருக்கு இதைவிட வசதி வேறில்லை: முகமூடியும் மூச்சுக்குழாயும் இருந்தால் போதும், பத்தடியில் மீன்கூட்டம். சிறு குழந்தைகளோடு வருபவருக்கு மணற்பாங்கான நாமா விரிகுடாவே தோது. கடைகள், உணவகங்கள், முக்குளிப்பு நிலையங்கள் அங்கே நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. விமான நிலையத்துக்கு அந்தப் பக்கமுள்ள நப்க்கில் வாடகை குறைவு, காற்று அதிகம்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நகரம் ஒன்றிலோ கெய்ரோவிலோ மாறிப் போக வேண்டும். கெய்ரோவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். விசா விதிகளைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். காப்பீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, ஸ்கூபாவை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். அல்லது குறிப்பிட்ட ஆழம் வரைக்கும்தான் செல்லும். முக்குளிப்பு நிலையத்தில் நிரப்பச் சொல்லும் உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா, இதயநோய், காதுக் கோளாறு என்று ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ என்று எழுதினால் மருத்துவர் சான்று கேட்பார்கள். அதை ஊரிலேயே வாங்கிவந்தால் ஒரு நாள் மிச்சம்.

பயிற்சிக்கும் இதே கணக்குதான். 18 மீட்டர் வரை இறங்க அனுமதிக்கும் அடிப்படைச் சான்றிதழுக்கு மூன்று, நான்கு நாள் ஆகும். ஐந்தாறு நாள் பயணத்தில் அது பெரும்பகுதியைத் தின்றுவிடும். பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் ஊரில் முடித்து, கடல் பகுதியை மட்டும் இங்கே முடிக்க வழி உண்டு. சான்றிதழே வேண்டாம், ஒருமுறை பார்த்தால் போதும் என்பவர்களைப் பயிற்சியாளர் 12 மீட்டருக்குள் கையோடு அழைத்துப் போய் வருவார்.

நாட்களை அடுக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆழத்தில் மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் அழுத்தத்தால் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது முழுதாக வெளியேறப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் நைட்ரஜன் குமிழ்களாகப் பிரிந்து மூட்டிலும் நரம்பிலும் சிக்கும். முக்குளிப்பவர்கள் பெண்ட்ஸ் என்று அஞ்சுவது இதைத்தான். பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பொது விதி. 24 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது.

எனவே கடைசி நாள் முக்குளிப்பு கிடையாது. அந்த நாளில் என்ன செய்வது என்று யோசிக்கும் பயண ஏற்பாட்டாளர்கள், சினாய் மலையைக் கொண்டுபோய் அதில் வைத்துவிடுகிறார்கள். பார்வைக்குப் பொருத்தமான ஏற்பாடு. உடம்புக்கு மிக மோசமான ஏற்பாடு. மலையின் உயரம் 2,285 மீட்டர். பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும் ஏறக்குறைய அந்த உயரத்துக்கு உரியதுதான். விமானத்தைத் தவிர்த்துவிட்டு மலை ஏறுவது, அதே ஆபத்தை ஒரு நாள் முன்னதாகவே தேடிப் போவது. மலையடியில் 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டிய புனித கேத்தரின் மடாலயமே 1,500 மீட்டருக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே மலை முதலில், கடல் பிறகு. வந்து இறங்கி ஓர் இரவு தூங்கியபின் மலைக்குப் போவது சரி. சாலையில் சுமார் மூன்று மணி நேரம். நள்ளிரவுக்குப் பிறகு ஏறத் தொடங்கினால் விடியலுக்கு உச்சியில் நிற்கலாம். குளிர்காலத்தில் கம்பளி உடை கட்டாயம். இறங்கி வந்த அன்று ஓய்வு. தூக்கமில்லாத உடம்போடு கடலுக்குள் போவது உசிதமல்ல.

முதல் முக்குளிப்பு நாமா விரிகுடாவுக்கு அருகே எளிய இடத்தில் நடக்கும். ஈயத்தின் எடை, முகமூடியில் நீர் புகுந்தால் வெளியேற்றும் பழக்கம் எல்லாம் அங்கே சோதிக்கப்படும். கண்ணாடி அணிபவர்கள் பவர் போட்ட முகமூடியைச் சொந்தமாகக் கொண்டுவருவது மேல்; மற்றதெல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்.

அடுத்தது ராஸ் முகமது. 1983இல் அறிவிக்கப்பட்ட எகிப்தின் முதல் தேசியப் பூங்கா. இங்கே பாறைச் சுவர் செங்குத்தாக இறங்கி, அடி தெரியாமல் நீலத்தில் மறைகிறது. சுவரெங்கும் ஆரஞ்சு நிறச் சிறுமீன்கள். ஜோடி பிரியாமல் சுற்றும் மஞ்சள் பட்டாம்பூச்சி மீன்கள் செங்கடலுக்கும் அதன் அண்டைக் கடலுக்கும் மட்டுமே உரியவை. யோலாண்டா பாறைக்கு வந்ததும் காட்சி வேடிக்கையாகிவிடும். 1980இல் இங்கே மோதிய யோலாண்டா என்ற சரக்குக்கப்பல் பின்னாளில் ஆழத்துக்குச் சரிந்துவிட்டது. அது ஏற்றிவந்த கழிவறைப் பீங்கான்கள் மட்டும் பவளத்துக்கு நடுவே குவிந்து கிடக்கின்றன.

சான்றிதழில் 30 மீட்டர் அனுமதி உள்ளவர்களுக்கு ஒரு நாளைத் திஸில்கோர்முக்கு ஒதுக்கலாம். இரண்டாம் உலகப் போரில் எகிப்திலிருந்த பிரிட்டிஷ் படைக்குத் தளவாடம் ஏற்றிவந்த கப்பல் அது. மத்தியதரைக் கடல் ஆபத்தாக இருந்ததால் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து, சூயஸ் கால்வாய்க்குள் நுழையக் காத்து நின்றபோது, 1941 அக்டோபர் 6ஆம் தேதி ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின. வெடிமருந்து அறை வெடித்து, மேல்தளத்தில் இருந்த ரயில் என்ஜின்கள் தூக்கி எறியப்பட்டன. அவை இன்றும் கப்பலை விட்டுத் தள்ளிக் கடல்தரையில் கிடக்கின்றன. ஒன்பது பேர் இறந்தார்கள். பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ 1950களில் இந்தக் கப்பலைக் கண்டுபிடித்தார். முன் அறைகளில் விளக்கடித்தால், லாரிகளின் தளத்தில் நெருக்கி நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள் தெரியும். கைப்பிடியும் சக்கரக் கம்பியும் துருவேறி நிற்க, இருக்கைக்கு அடியில் மீன் பதுங்கியிருக்கும். பிஎஸ்ஏ வண்டிகள் அவை. அம்பத்தூரில் செய்த சைக்கிள்களால் தமிழ்நாட்டுக்குத் தெரிந்த அதே பெயர். படகு விடியுமுன்னே கிளம்பும். போக மட்டும் மூன்று, நான்கு மணி நேரம். நீரோட்டம் கடுமையாக இருக்கும் நாட்களில், அனுபவம் குறைந்தவர் படகிலேயே இருந்துவிடுவது கௌரவக் குறைவல்ல.

அகாபா வளைகுடாவின் வாயிலில் திரான் நீரிணை இருக்கிறது. ஜாக்சன், வுட்ஹவுஸ், தாமஸ், கார்டன் என்று நான்கு பாறைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. 1967இல் எகிப்து இந்த நீரிணையை அடைத்ததுதான் போருக்கு உடனடிக் காரணமானது. பாறைகளின் பக்கவாட்டில் நீரோட்டத்தோடு மிதந்து போகும் முக்குளிப்பு நடக்கிறது. படகு பின்னாலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். மீனுக்குத் தீனி போடுவது எங்குமே தடை.

கடைசி முழுநாள் கரைக்கு உரியது. மிதவைப் பாலத்திலிருந்து மூச்சுக்குழாயோடு நீந்தலாம். மேற்பரப்பில் இருப்பதால் விமானத்துக்குத் தடையில்லை. தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லது. ரப்பர் உடையையும் முகமூடியையும் நல்ல தண்ணீரில் அலசிக் காலையிலேயே நிழலில் உலர்த்திவிட வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பெட்டியின் எடை கூடி, விமான நிலையத்தில் கூடுதல் கட்டணம் கட்ட நேரும்.