ஏறுவது எளிது, தங்குவது கடினம்



இன்று பட்டம் பெறும் உங்களில் விமானப் பொறியியலும் தகவல்தொடர்பும் படித்தவர்கள் அதிகம் என்றார்கள். ஆகவே அறிவுரையைக் குறைத்துக்கொண்டு, இந்த இரு துறையும் சேர்ந்தால்தான் தீரும் ஒரு சிக்கலைப் பற்றிப் பேசுகிறேன்.

செல்போன் கோபுரத்தின் சிக்னல் சில கிலோமீட்டருக்கே எட்டும். தகவல்தொடர்புச் செயற்கைக்கோளோ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பேச்சு மேலே போய் இறங்கவே கால் நொடி ஆகிவிடும். நடுவே, சுமார் 20 கிலோமீட்டரில், ஸ்ட்ராட்டோஸ்பியர். பயணிகள் விமானங்களுக்கு வெகு மேலே, காற்றின் வேகமும் பெரும்பாலும் அடங்கியிருக்கும் உயரம். அங்கே ஒரு ஆன்டெனாவை மாதக்கணக்கில் நிறுத்த முடிந்தால், மிகப் பெரிய பரப்புக்குச் சாதாரண செல்போனிலேயே சிக்னல் கொடுக்கலாம்.

அந்த உயரத்துக்கு ஏறுவதை சூரிய ஒளியில் பறக்கும் நாசாவின் ஆளில்லா விமானம் ஹீலியோஸ் 2001இலேயே செய்து காட்டிவிட்டது; 29 கிலோமீட்டரையும் தாண்டியது. 2003இல் அதே விமானம் ஹவாய் அருகே காற்றுக் கொந்தளிப்பில் இறக்கை அளவுக்கு மீறி வளைந்து, உடைந்து, கடலில் விழுந்தது. 20 கிலோமீட்டரில் காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் பதினான்கில் ஒரு பங்குதான். எனவே இறக்கை நீளமாக வேண்டும், எடையோ இருக்கக் கூடாது. ஏர்பஸ்ஸின் சூரிய ஒளி விமானமான செஃபிருக்கு இறக்கை 25 மீட்டர். எடை 75 கிலோ. என்னைவிடக் குறைவு!

பகலில் சூரியன் பார்த்துக்கொள்ளும். சிக்கல் இரவில்தான். பகலில் சேமித்த மின்சாரம் விடியும்வரை வர வேண்டும். பேட்டரியைக் கூட்டினால் எடை கூடும். அந்த எடையைச் சுமக்க இன்னும் மின்சாரம் வேண்டும். இதற்கு ஓர் அழகான தந்திரம் உண்டு: பகலில் மிஞ்சும் ஆற்றலைக் கொண்டு மேலும் உயரே ஏறி, இரவில் மெல்ல இறங்கியபடியே பறப்பது. உயரமே ஒரு பேட்டரியாகிவிடுகிறது. அப்படித்தான் செஃபிர் 2022இல் 64 நாள் பறந்து அரிசோனாவில் விழுந்தது. 1959இல் இரண்டு பேர் ஒரு செஸ்னா விமானத்தில், கீழே ஓடும் லாரியிலிருந்து பெட்ரோல் ஏற்றிக்கொண்டே வைத்த நீண்ட பறப்புச் சாதனையை, சில மணி நேரத்தில் தவறவிட்டது. 2025இல் இன்னொரு செஃபிர் பறந்து 67 நாளைத் தொட்டது.

சரி, பறந்தால் மட்டும் போதுமா? கூகுளின் லூன் பலூன்களைப் பாருங்கள். 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவின் கோபுரங்களைச் சாய்த்தபோது மேலிருந்து சிக்னல் கொடுத்தவை அவை. 2020இல் கென்யாவில் வணிகச் சேவையே தொடங்கியது. ஒரு பலூன் 312 நாள் மிதந்தது. ஆனாலும் 2021 ஜனவரியில் கடையை மூடினார்கள். செலவைத் தேவையான அளவுக்குக் குறைக்க முடியவில்லை. அதைத் தோல்வி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பலூன்களுக்கிடையே பேச உருவாக்கிய லேசர் நுட்பம், தாரா என்ற பெயரில் காங்கோ ஆற்றின் குறுக்கே பிராஸாவில்லையும் கின்ஷாசாவையும் இணைத்தது. ஆனால் ஒன்று, நம் பாடத்திட்டத்தில் எடையைக் கணக்கிடச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு விலையைக் கணக்கிடச் சொல்லித்தரவில்லை. அதை நீங்களேதான் கற்க வேண்டும்.

நம் நாட்டிலும் வேலை தொடங்கிவிட்டது. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கும் இத்தகைய சூரிய ஒளி விமானத்தின் சிறிய மாதிரி 2024இல் சள்ளகெரேயில் எட்டரை மணி நேரம் பறந்தது. 2025 மே மாதம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆகாயக் கப்பல் மத்தியப் பிரதேசத்தின் ஷியோப்பூரிலிருந்து 17 கிலோமீட்டர் ஏறி, 62 நிமிடம் பறந்தது. இந்த நிமிடங்கள் மாதங்களாக வேண்டும். அதன் தேவை நமக்குத் தெரியும்: கஜா புயலில் டெல்டா மாவட்டங்கள் நாட்கணக்கில் மின்சாரமும் போனும் இல்லாமல் கிடந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பேட்டரி வேதியியலோ, இறக்கையின் கார்பன் இழையோ, ஆன்டெனாவோ, உங்களுக்குப் பிடித்த மூலையைப் பிடித்துக்கொண்டு உங்களில் சிலராவது இந்த வேலைக்கு வாருங்கள்.