தண்டு இருக்கு, மீன் எங்கே?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்க சார். கனமான விஷயம் வேண்டாம். உங்க பேச்சு முடிஞ்சதும் மதியச் சாப்பாடு" என்றார். பந்திக்கு முன்னால் பேசுகிறவன் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால்தான் நாலு பேர் காது கொடுப்பார்கள். ஆகவே, ஊரை விட்டு வந்தவன் தன் வீட்டுச் சாப்பாட்டைத் தேடி அலைந்த கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். கூடவே 1984-ல் இந்த விடுதியில் சேர்ந்த நாளிலிருந்து நான் மறைத்து வைத்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

விடுதியில் என்னை எல்லோரும் 'காரைக்குடிக்காரன்' என்றுதான் கூப்பிடுவீர்கள். லீவு முடிந்து வந்தால், "என்னடா, செட்டிநாட்டுக் கோழி வரலியா?" என்று பையைக் குடைவீர்கள். நானும் சிரித்துக்கொண்டே சீடை, முறுக்கு எடுத்துக் கொடுப்பேன். ஆனால் எங்கள் வீடு இருந்தது காரைக்குடி பர்மா காலனியில். எங்கள் வீட்டில் விசேஷ நாள் என்றால் கோழிக் குழம்பு இல்லை, மொய்ங்கா. அதை நான் உங்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒருவனைத் தவிர. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இளைய தலைமுறைக்காகக் கொஞ்சம் சரித்திரம். வெள்ளைக்காரன் காலத்தில் தமிழர்கள் வட்டிக்கடை வைக்கவும், துறைமுகத்தில் மூட்டை தூக்கவும், வயலில் அறுக்கவும் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியே நடந்து இந்தியா வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். யுத்தம் முடிந்ததும் பலர் திரும்பப் போனார்கள். 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் கம்பெனிகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1965-ல் வந்த ஒரு கப்பலில் என் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அடுத்த வருஷம் நான் பிறந்தேன்.

பள்ளிக்கூடத்தில் எங்களை 'அகதிப் பசங்க' என்பார்கள். அதனால்தான் தாம்பரத்துக்கு வந்த அன்றே காரைக்குடியை மட்டும் வைத்துக்கொண்டு பர்மாவைக் கழற்றிப் போட்டேன். ஆனால் நாக்கு இருக்கிறதே, அது நாம் சொன்னபடி கேட்குமா?

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. நம் காலத்தில் அது மீட்டர் கேஜ். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்புவேன். இந்தக் கோடியில் ஏறி அந்தக் கோடியில் இறங்கினால் எதிரே பர்மா பஜார். பர்மாவிலிருந்து வந்தவர்கள் பிழைக்க 1969-ல் ஏற்பட்ட கடைத்தெரு அது. நீங்கள் அங்கே டேப் ரிக்கார்டரும் வாட்சும் வாங்கப் போவீர்கள். நான் பின்னால் செகண்ட் லைன் பீச்சில் நிற்கும் தள்ளுவண்டிகளுக்குப் போவேன்.

அங்கேதான் அத்தோ. ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு, முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த் தூள் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோவை நொறுக்கிப் போடுவார்கள். பர்மியில் 'அத்தோ' என்றாலே பிசைந்தது என்றுதான் பொருள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். வயிற்றைக் கீறி, வெங்காயமும் பூண்டும் அடைத்த அவித்த முட்டை. சாப்பிடும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் தமிழும் பர்மியும் கலந்து பேசுவார்கள். அந்த அரை மணி நேரம் நான் யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிறு என் அறை நண்பன், திருநெல்வேலிக்காரன், எனக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்துவிட்டான். நான் ஏதோ பெண் விவகாரத்தில் மாட்டியிருக்கிறேன் என்று அவனுக்குச் சந்தேகம். வண்டிக்குப் பக்கத்தில் வந்து, என் கிண்ணத்தை வாங்கி மோந்து பார்த்தான். "ஏலே, இது எங்க ஊர்க் கருவாட்டு வாசம்லா! இதுக்கா ஒளிஞ்ச?" என்றான். இரண்டு தட்டு தின்றான். விடுதிக்குத் திரும்பியவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவன் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான்.

இனி கதையின் மறுபாதி. 2016-ல் அப்பா காலமானார். அம்மாவைக் குரோம்பேட்டையில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வயது எண்பதை நெருங்கிவிட்டது. பல் போய்விட்டது, சாப்பாடும் குறைந்துபோனது. என் மனைவி எதைச் சமைத்து வைத்தாலும் இரண்டு வாயோடு சரி. ஒருநாள், "மொய்ங்கா இருந்தா ஒரு வாய் சாப்பிடுவேன்" என்றார். வாய்விட்டு அம்மா எதையும் கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தேடக் கிளம்பினேன். நம் காலத்தில் அத்தோவுக்காகக் கடற்கரை வரை போக வேண்டும். இப்போது நிலைமை வேறு. 2021-ல் மாநகராட்சியே ஆகிவிட்ட நம் தாம்பரத்தைச் சுற்றி, பல்லாவரம், மேடவாக்கம் என்று சாயங்காலமானால் எங்கும் 'பர்மா அத்தோ' வண்டிகள். நடத்துகிறவர்களில் பலர் பர்மாவைப் பார்த்ததில்லை. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் மொய்ங்கா என்று கேட்டால் வாழைத்தண்டு சூப்பைத்தான் ஊற்றித் தருகிறார்கள். வாங்கி வந்து கொடுத்தேன். அம்மா ஒரு கரண்டி குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தண்டு இருக்கு. மீன் எங்கடா?"

மொய்ங்கா தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது மீன் சாறு. மீனை வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்து, இஞ்சி, பூண்டு, மஞ்சள், எலுமிச்சைப் புல் சேர்த்துக் கொதிக்கவிட்டு, வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ கரைத்து ஊற்றுவார்கள். வாழைத்தண்டு அதில் வேகும். அரிசி நூடுல்ஸ்மேல் ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட வேண்டும். வண்டிக் கடையில் மீன் போய், மாவு போய், தண்டு மட்டும் நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு தூக்குச்சட்டியோடு பழையபடி ரயில் ஏறிக் கடற்கரைக்குப் போனேன். விசாரித்து, வயதான ஒரு அம்மாளிடம் மீன் போட்ட மொய்ங்காவே வாங்கி வந்தேன். அம்மா முழுக்கிண்ணம் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம வீட்டுது இல்ல" என்றார்.

"ரங்கூன் ருசி இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா சிரித்துவிட்டார். "ரங்கூன் ருசிய நீ எங்கடா பார்த்த? அங்க நாப்பி போடுவோம். இங்க நாப்பிக்கு எங்க போறது? சென்னாக்குனிக் கருவாட்ட வறுத்துப் பொடிச்சுப் போட்டேன். வாசனைப் புல்லு கிடைக்கல, எலுமிச்ச இலையப் போட்டேன். நூடுல்ஸ் இல்ல, இடியாப்பம் புழிஞ்சேன். கண்மாய்க் கெளுத்தி கிடைச்சா கெளுத்தி, இல்லாட்டி எதுவோ. உனக்குத் தெரிஞ்சது காரைக்குடி மொய்ங்காடா."

நண்பர்களே, நான் ஐம்பது வயதுவரை ரங்கூனின் அசல் ருசி என்று எதை நினைத்து ஏங்கினேனோ, அது என் அம்மா காரைக்குடியில் கையில் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றிய ருசி. கடற்கரை அம்மாளின் கிண்ணம்தான் ரங்கூனுக்குக் கிட்டத்தில் இருந்திருக்கும். எங்கள் இரண்டு பேர் நாக்குக்கும் அது போதவில்லை.

இதை ஹூஸ்டனில் இருக்கும் நம் வகுப்பு நண்பரிடம் சொன்னேன். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் லூசியானாவிலிருந்து வந்தவராம். 'கேஜன்' என்று போர்டு வைத்த கடையைக் கண்டாலே அவருக்குக் கோபம் வருமாம். எதன்மேலாவது மிளகாய்த் தூளைத் தூவிவிட்டு அந்தப் பெயரை வைக்கிறார்கள் என்று பொருமுவாராம், நம் காரைக்குடிக்காரர்கள் ஊரூராய் விற்கும் 'செட்டிநாடு சிக்கன்' பற்றிப் பொருமுவதைப் போல. அந்த மக்கள் பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள். 1755-லிருந்து வெள்ளைக்காரன் அவர்களைக் கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பக்கத்திலிருந்து கப்பலில் ஏற்றித் துரத்தினான். பலர் கடைசியில் லூசியானா சதுப்பு நிலத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் ஊரின் பேர்போன சாறுக்கு 'கம்போ' என்று பெயர். அந்தப் பெயர் ஆப்பிரிக்க அடிமைகள் வெண்டைக்காய்க்குச் சொன்ன பெயர். கெட்டியாக்க மாவை எண்ணெயில் சிவக்க வறுப்பது பிரெஞ்சு வழக்கம். அதே சாறில் சிலர் தூவும் ஒரு மரத்தின் இலைப்பொடி செவ்விந்தியர் கொடுத்தது. அவர்கள் 'அசல்' என்று கொண்டாடுவதும், துரத்தப்பட்டவர்கள் போன இடத்தில் கிடைத்ததைப் போட்டுக் கொதிக்க வைத்ததுதான்.

அப்படியானால் எல்லாமே அசல்தானா, வண்டிக்காரர் சூப்பும் சரிதானா என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். அவர் தன் வீட்டுப் பிள்ளைக்கு அதை ஊற்றி வளர்த்தால், அந்தப் பிள்ளைக்கு அதுதான் அசல். எனக்கு என் அம்மா வைத்தது. அதைப் போர்டைப் பார்த்துக் கடையில் தேடினால் கிடைக்காது. வைத்தவரிடம் கேட்டு வைத்துக்கொண்டால்தான் உண்டு.

கேட்டேன். அம்மா சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நானும் என் மனைவியும் மூன்று தடவை வைத்தோம். மூன்றாவது தடவை, "இதான்" என்றார். நான் ஒரு பழைய மின்கட்டண அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டேன். 2019-ல் அம்மா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் அட்டையை எடுத்துப் பார்த்தால், 'அரிசி ஒரு டப்பா, வறுக்கவும்' என்று எழுதியிருக்கிறேன். அம்மா அளந்தது பால் டப்பாவா, வெண்ணெய் டப்பாவா? அரிசி எவ்வளவு சிவக்க வேண்டும்? அது அம்மாவின் கைக்குத் தெரிந்தது. நான் எழுதவில்லை. இன்றுவரை ஒரு தடவை சரியாக வருகிறது, ஒரு தடவை வருவதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். இங்கே நாகர்கோவில், நீலகிரி, யாழ்ப்பாணம், நாகாலாந்து என்று பல ஊர்களிலிருந்து வந்து ஒரே விடுதியில் தின்றவர்கள் இருக்கிறோம். உங்களில் யாருக்கெல்லாம் அம்மா, பாட்டி, அத்தை இருக்கிறார்களோ, இந்த வாரமே போய் உட்கார்ந்து ஒரே ஒரு பதார்த்தத்தை எழுதி வாங்குங்கள். 'டப்பா' என்றால் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அதற்குச் சில பக்கங்கள் ஒதுக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, பந்தியின் ஓரத்தில் ஒரு அண்டா இருக்கிறது. குரோம்பேட்டையிலிருந்து காலையில் நானும் என் மனைவியும் கொண்டு வந்தது. உள்ளே மீன் இருக்கிறது. அரிசி இன்று கொஞ்சம் கூடுதலாகச் சிவந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இடியாப்பம். மூன்றாவது வரிசைக்காரன் முந்துவதற்குள் நீங்கள் போய்விடுங்கள்.