நிறத்துக்கு விலை பேசுவோர்

 

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள நம் ஊர்களிலே பெண் பார்க்கச் செல்வோர், மார்க்கப்பற்றை விசாரிக்கு முன்பே "பிள்ளை என்ன நிறம்?" என்று விசாரிக்கின்றனர். "நிறம் கொஞ்சம் குறைவு" என்று பதில் வந்துவிட்டால் கைக்கூலித் தொகை கூடுகின்றது. மஹர் கொடுத்து மணமுடிக்கக் கடமைப்பட்டவன், அல்லாஹ் தந்த நிறத்துக்காகப் பெண்ணின் தகப்பனிடம் தண்டம் அறவிடுகின்றான்! தேயிலை மலையிலும் இறப்பர் தோட்டத்திலும் உழைப்போரின் பிள்ளையென்றால், தோட்டத்தைச் சொல்லி ஏளனமும் சேர்ந்துகொள்கின்றது.

மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக ஸூரத்துர் ரூமிலே எண்ணிக் காட்டுகின்றான். அதனைக் குறைவென்று கூற நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

உஸாமா இப்னு ஸைத் (ரழி) அவர்கள் கறுப்பு நிறத்தவர்கள். தாயார் உம்மு அய்மன் (ரழி) அபிசீனிய வம்சத்தவர்கள். தந்தை ஸைத் (ரழி) வெண்ணிறத்தவர்களாக இருந்தமையால், மகனின் பிறப்பையே சிலர் ஐயுற்றுப் பேசினர். இந்த உஸாமாவுக்குத்தான் நபி (ஸல்) அவர்கள் பெண் பேசினார்கள். குறைஷிக் குலத்துப் பெண்மணியான ஃபாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்களை முஆவியா (ரழி), அபூ ஜஹ்ம் (ரழி) ஆகிய இருவர் பெண் கேட்டிருந்தனர். நபியவர்களோ உஸாமாவை மணமுடிக்குமாறு கூறினார்கள். முதலில் அப்பெண்மணிக்கு விருப்பமில்லை, பின்னர் இசைந்தார்கள். பிறர் பொறாமைப்படுமளவுக்கு அந்த வாழ்வில் நன்மை கிடைத்ததென்று அவர்களே அறிவித்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆரம்பத்தில் விரும்பாததை அவர்கள் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே இந்த ஹதீஸ் எனக்கு மிகவும் பிடிக்கும்.

"குறைவு" என்ற சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை இறுதியில் கிறீம் வாங்குகின்றாள். தயாரித்தவரின் முகவரியோ உள்ளடக்கமோ அச்சிடப்படாத வெள்ளையாக்கும் கிறீம்களை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். அத்தகையவை சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கின்றது. அது தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும். உடலுக்குள் ஊறிச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். பூசியவர் துடைத்த துவாய் வழியே குழந்தையையும் சென்றடையும். மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை இவற்றைத் தடைசெய்த பின்னரும் பல நாடுகளின் சந்தைகளில் இவை பிடிபட்டுள்ளன.

1975இல் இந்தியாவில் அறிமுகமான 'பெயார் அண்ட் லவ்லி' என்ற பிரபல கிறீமின் பெயரை, உலகளாவிய கண்டனத்தின் பின் 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' என மாற்றினார்கள். வியாபாரிகூட அந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டுவிட்டான். நம் கலியாணப் பேச்சில் கூச்சத்தைக் காணோம்.

இளைஞனே, "உம்மாதான் கேட்டார், நான் கேட்கவில்லை" என்று ஒதுங்கிக்கொள்ளாதே. பெண் வீட்டுக்குப் புறப்படுமுன், உன் வீட்டு வாசலிலேயே உம்மாவிடமும் தரகரிடமும் சொல்லிவிடு: நிறத்தைப் பற்றி அங்கே எவரும் வாய்திறக்கக் கூடாது, கைக்கூலியைப் பற்றியும்தான்.