கடைசி பெஞ்சு யாருக்கு?

(எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சமத்துவம் பேசும் ஓர் அமைப்பு எப்படிச் சுருங்கிப் போகிறது, பிறகு எப்படிக் கதவைத் திறக்கிறது என்று பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது குவேக்கர்களை. ஓட்ஸ் டப்பாவில் தொப்பி போட்ட ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பெனிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் தொடங்கிய கிறித்துவ இயக்கம் இது. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே தரகர் வேண்டாம் என்றார்கள். பாதிரியார் கிடையாது. மௌனமாகக் கூடி உட்காருவார்கள். பேச வேண்டும் என்று யாருக்குத் தோன்றுகிறதோ, ஆணோ பெண்ணோ, எழுந்து பேசலாம். பெரிய மனிதர்கள் முன்னால் தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கச் சொன்ன ஊர்களிலிருந்து வந்த நமக்கு இந்தத் தொப்பிச் சண்டையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்றைய ஆங்கிலத்தில் மேலே இருப்பவருக்கு 'யூ', கீழே இருப்பவருக்கு 'தௌ'. இவர்கள் நீதிபதியையும் 'தௌ' என்றார்கள். எல்லோரையும் 'நீங்க' என்று உயர்த்துவது நம் வழி. எல்லோரையும் 'நீ' என்று சமமாக்கியது அவர்கள் வழி. இதற்கெல்லாம் சிறைக்கும் போனார்கள்.

அப்படிப்பட்டவர்கள் அடுத்த இருநூறு ஆண்டுகளில் என்ன ஆனார்கள்? கலகமாகத் தொடங்கிய பேச்சும் எளிய உடையும் 'நாங்கள் வேறு' என்று காட்டும் அடையாளங்களாயின. பெற்றோர் குவேக்கர் என்றால் பிள்ளையும் குவேக்கர் என்ற பிறப்புரிமை உறுப்பினர் முறை வந்தது. வெளியாரைக் கல்யாணம் செய்தால் நீக்கம். அகமணத்தில்தான் சாதியின் உயிர் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916இல் எழுதினாரே, அது நினைவுக்கு வருகிறதா? இங்கிலாந்தில் இவர்களுக்குச் சாதி இல்லை. ஆனால் ஒரு கூட்டம் தன் தூய்மையைக் காக்கக் கிளம்பினால் முதலில் கை வைப்பது கல்யாணத்தில்தான்.

எண்ணிக்கை சரிந்தது. ஏன் என்று ஆராய்ந்து எழுதுபவருக்கு 100 கினி பரிசு என்று 1858இல் அறிவித்தார்கள். வென்றவர் யார்க் நகரத்து மளிகைக் கடைக் குடும்பத்து இளைஞர், ஜான் ஸ்டீபன்சன் ரவுண்ட்ரீ. வயது இருபதுகளில். (பின்னாளில் கிட்கேட் சாக்லேட்டைக் கொண்டுவந்த கம்பெனி இவருடைய தம்பி ஜோசப் வளர்த்தது.) அவர் வெளி உலகத்தின் மீது பழி போடவில்லை. கல்யாண விதியால் நீங்களே உங்கள் ஆட்களை வெளியே தள்ளுகிறீர்கள் என்று எழுதினார். பெரியவர்கள் கோபித்துக்கொண்டிருக்கலாம், ஆனால் ஓரிரு ஆண்டுகளில் விதி தளர்ந்தது. புதுப்பித்தல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இந்தக் கட்டுரைதான் நினைவுக்கு வரும். பிறப்புரிமை உறுப்பினர் முறை பிரிட்டனில் ஒழிய இன்னும் நூறு ஆண்டு, 1959 வரை, ஆனது.

அடிமை முறையை எதிர்த்தவர்கள் குவேக்கர்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் சிலர் அடிமை முறைக்கு எதிராக மனு எழுதினார்கள். மனு ஒரு கூட்டத்திலிருந்து அதற்கு மேல் கூட்டம், அதற்கும் மேல் என்று போய் ஓரமாக வைக்கப்பட்டது. உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1776இல். 88 ஆண்டுகள்! குவேக்கர்கள் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. எல்லோர் மனமும் ஒன்றுபடும் வரை காத்திருப்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. அடிமை வைத்திருப்பவரின் மனம் மாறும்வரை அடிமையும் சேர்ந்து காத்திருக்க வேண்டும் என்பதுதான் நடைமுறையில் அதன் பொருள்.

காத்திருக்காதவர் பெஞ்சமின் லே. குள்ளமானவர், கூன் முதுகு, முன்னாள் மாலுமி. 1738இல் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு புத்தகத்துக்குள் சிவப்புச் சாறு நிரப்பிய பையை மறைத்துக்கொண்டு வந்தார். வாளால் குத்தி, பக்கத்திலிருந்த அடிமை முதலாளிகள் மேல் ரத்தம்போலத் தெறிக்கவிட்டார். அவரை அமைப்பிலிருந்து நீக்கினார்கள்.

அடிமைகளை விடுவித்த பிறகாவது? பிலடெல்பியாவின் கறுப்பின ஆசிரியை சாரா மேப்ஸ் டக்ளஸ் 1830களில் எழுதிய கடிதம் இருக்கிறது. ஆர்ச் தெருக் கூட்ட இல்லத்தில் கறுப்பர்களுக்குத் தனி பெஞ்சு. வெள்ளையர் யாரும் தவறி உட்கார்ந்துவிடாமல், இது கறுப்பர்களுக்கான பெஞ்சு என்று எச்சரித்தபடியே இருப்பார்களாம். மனிதருக்குள் கடவுளின் ஒளி உண்டு என்று நம்புகிறவர்களின் கூடம் அது. எந்த விதியைக் காட்டி அந்த அம்மாவை வெளியே அனுப்பினார்கள்? எந்த விதியும் தேவைப்படவில்லை. ஒரு பெஞ்சு போதுமாயிருந்தது.

இன்றைக்கு வருவோம். பிரிட்டன் குவேக்கர்கள் 2009இல் தன்பாலின இணையருக்கும் சமமான திருமணம் என்று முடிவெடுத்தார்கள். நாட்டின் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. 2021இல் திருநர்களை வரவேற்று ஏற்றார்கள். அதே ஆண்டு லண்டன் தலைமையகத்தில் வில்லியம் பென் பெயரிலிருந்த அறைக்கு, பென் அடிமை வைத்திருந்தவர் என்பதால், பெஞ்சமின் லே பெயரை வைத்தார்கள். 2022இல் அடிமை வணிகத்துக்கும் காலனியத்துக்கும் ஈடு செய்யும் வேலையில் இறங்குவதாக அறிவித்தார்கள். ஆண்டுதோறும் குவேக்கர் வாரம் நடத்தி, வாருங்கள் என்று ஊரை அழைக்கிறார்கள். ஆனாலும் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளையர், நடுத்தர வர்க்கம், வயதானவர்கள். உலகத்தில் குவேக்கர்கள் அதிகம் இருப்பது கென்யாவில். அங்கே பாட்டும் போதகரும் உண்டு. தன்பாலினத் திருமணத்தை ஏற்காதவர்களே அதிகம். அமெரிக்காவில் இதே கேள்வியில் கூட்டங்கள் உடைந்திருக்கின்றன.

அழைப்பிதழ் ஒட்டுவது எளிது தோழர்களே. மௌனத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்பதும் எளிது. படித்த வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த மௌனம் இளைப்பாறும் இடம். முதன்முறை வந்த துப்புரவுத் தொழிலாளிக்கு, எப்போது எழுவது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று யாரும் சொல்லித்தராத தேர்வு அது. நம் வட்டத்தில் 'யார் வேண்டுமானாலும் பேசலாம்' என்று அறிவித்தபின் பேசுகிற ஐந்து பேர் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். அதில் நானும் ஒருவன்.

ஆகவே ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன். அடுத்த மூன்று கூட்டங்களுக்கு, இதுவரை மேடையேறாத தோழர்கள் தலைப்பைத் தேர்ந்தெடுக்கட்டும், அவர்களே தலைமை தாங்கட்டும். நாங்கள் ஐவரும் நாற்காலி போடுகிறோம், தேநீர் வாங்கிவருகிறோம். ஒருமனதாக வரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கை தூக்கி ஓட்டெடுப்போம்.