குழுவில் யாரும் பேசுவதில்லை என்று சொல்வதற்கு முன்பு

(ஆய்வு மாணவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்க உறுப்பினர்களை இணையவழியில் எப்படித் துடிப்போடு ஒருங்கிணைப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்பாட்டாளர் தோழர் தொலைபேசியில் இன்னும் எளிமையாகவே சொன்னார்: "எங்க குரூப்ல யாருமே பேச மாட்டேங்கிறாங்க தோழர், அதுக்கு ஏதாவது வழி சொல்லுங்க." நான் கணினித்துறை ஆள் இல்லை. சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஆய்வு மாணவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு மூன்று ஆண்டுகளாக அட்மினாக இருக்கிறேன். இதற்குமேல் எனக்குத் தகுதி எதுவும் கிடையாது. அதிலும் முதல் ஒன்றரை ஆண்டு நான் செய்ததெல்லாம் தப்பு. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவில் நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பேசியவர்கள் பத்துப் பேர்கூடத் தேறமாட்டார்கள். காலையில் வணக்கம், நடுவில் யூடியூப் இணைப்பு, மதியம் ஏதோ ஒரு கருத்தரங்க அறிவிப்பு. ஏப்ரல் 14, செப்டம்பர் 17, டிசம்பர் 6 என்றால் குழு நிரம்பி வழியும். மற்ற நாட்களில் அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேர், அம்பேத்கரா மார்க்சா என்று நள்ளிரவு வரை மோதிக்கொண்டிருப்பார்கள். இருவரும் என் நண்பர்கள். இன்றுவரை ஒருவரை ஒருவர் ஒப்புக்கொள்ளவைக்க முடியவில்லை. இதைப் பார்த்து, உறுப்பினர்களுக்கு அரசியல் ஆர்வம் இல்லை, உதவித்தொகை வந்தால் போதும் என்று இருக்கிறார்கள் என்று செயற்குழுவிலேயே நான் பேசியிருக்கிறேன்.

ஒரு பிப்ரவரி மாதம் இரவு பதினோரு மணிக்குக் குழுவில் ஒரு செய்தி வந்தது. அறிவியல் துறையில் இரண்டாம் ஆண்டு ஆய்வு செய்யும் ஒரு தங்கை எழுதியிருந்தார். ஐந்து மாதமாக ஃபெலோஷிப் வரவில்லை, கைடு படிவத்தில் கையெழுத்துப் போடாமல் இழுக்கிறார், மெஸ் பாக்கி கட்டச் சொல்லி விடுதியில் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள், யாருக்காவது என்ன செய்வது என்று தெரியுமா என்று கேட்டிருந்தார். நான் பார்த்தேன். நீல டிக் விழுந்த நூற்றுக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். காலையில் விவரமாகப் பதில் எழுதலாம், அதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் அந்தச் செய்திக்குக் கீழே ஒரு வணக்கம் படம், அதற்கு ஏழெட்டுக் கட்டைவிரல்கள். அதன்பிறகு ஒரு கருத்தரங்க அறிவிப்பு. பதில் ஒன்றுகூட இல்லை.

இரண்டு நாள் கழித்து ஆய்வகத்தில் அவருடைய கைடு, "குரூப்ல என்னைப் பத்தி என்ன எழுதினே?" என்று கேட்டிருக்கிறார். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அன்று மாலையே அவர் செய்தியை அழித்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினார். ஒருவர் வெளியேறினால் வாட்ஸ்அப் அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு அனுப்பும். ஆகவே அது எனக்குத் தெரியும்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜனவரி 17 அன்று, அதே குழுவில் ரோஹித் வெமுலாவின் படத்தை நாங்கள் அத்தனை பேரும் பகிர்ந்திருந்தோம். ரோஹித் எழுதிவைத்துவிட்டுப் போன கடிதத்தில் ஒரு கணக்கு வருகிறது. தனக்குச் சேரவேண்டிய ஏழு மாத ஃெபெலோஷிப், 1,75,000 ரூபாய், அதைத் தன் குடும்பத்துக்கு வாங்கிக்கொடுங்கள் என்று கேட்கிறார். 2016இல் அது நிறுவனப் படுகொலை என்று முழங்கியவர்கள் நாம். ஐந்து மாதம் வரவில்லை என்று நம்மில் ஒருவர் எழுதியபோது தூங்கப் போனவர்களும் நாம்தான்.

அதன்பிறகு நான் விடுதி அறைகளிலும் டீக்கடையிலும் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமாகக் கேட்டேன். ஏன் குழுவில் பேசுவதில்லை? ஆர்வமில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒரு தம்பி சொன்னது எனக்குச் சம்மட்டி அடியாக இருந்தது. "அண்ணா, எங்க டிபார்ட்மென்ட்ல நான் என்ன ஆளுன்னு யாருக்கும் தெரியாது. குரூப்ல பேசினா என் நம்பரு, என் போட்டோ எல்லாருக்கும் தெரியும்ல?" ஒரு வங்கி ஊழியர் சங்கத்துக்கோ குடியிருப்போர் நலச்சங்கத்துக்கோ உறுப்பினர் பட்டியல் என்பது வெறும் தொலைபேசி எண்கள். நமக்கு அது சாதிப் பட்டியல். குழுவில் சேருவதே தன் சாதியை வெளியே சொல்வதாக ஆகிவிடுகிறது. இன்ஸ்டாகிராமில் ஈடுபாட்டை உயர்த்தப் பத்து வழிகள் என்று வரும் கட்டுரைகள் எதிலும் இந்தப் பிரச்சினை இருக்காது, ஏனென்றால் அவற்றை எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

பெண்கள் சொன்ன காரணம் வேறு. குழுவில் ஒருமுறை எழுதினால் அன்றிரவே அறியாத எண்ணிலிருந்து "ஹாய் தோழர்" வருகிறது என்றார்கள். இரண்டு மூன்று பேர் ஆங்கிலத்தைச் சொன்னார்கள். நாங்கள் போட்ட அறிவிப்பு எல்லாமே யு.ஜி.சி. சுற்றறிக்கையை அப்படியே வெட்டி ஒட்டியவை. அதற்குக் கீழே தமிழில் சந்தேகம் கேட்கத் தயக்கமாக இருக்கிறதாம். முனைவர் பட்டம் வரை வந்தவருக்கு என்ன தயக்கம் என்று கேட்காதீர்கள். எனக்கும் இருந்தது.

ஆனால் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் சொன்னது ஒன்றுதான். கேட்டால் பதில் வராது, பிறகு எதற்குக் கேட்பது?

இங்கே கொஞ்சம் வரலாற்றுக்குள் போகிறேன், என் தொழில் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. புதன்கிழமைதோறும் வந்தது. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களிடமும், கடல் கடந்து ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிழைக்கப் போனவர்களிடமும் அது போய்ச் சேர்ந்தது. அந்த ஊர்களில் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளைகள் இருந்தன. அந்த இதழின் பக்கங்களைப் புரட்டினால் என்னை நிறுத்துவது பெரிய கட்டுரைகளைவிட வாசகர்களின் கேள்விகளும் அவற்றுக்குப் பண்டிதர் எழுதிய பதில்களும்தான். சுரங்கத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர் ஐயம் கேட்டு எழுதுகிறார், பண்டிதர் அதை மதித்து அச்சில் பதில் சொல்கிறார், அதை மற்ற ஊர்க்காரர்கள் படிக்கிறார்கள். ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள் ஒரு சமூகமாகப் பேசிக்கொள்ள அதுவும் ஒரு வழியாக இருந்தது. இதையெல்லாம் என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் எழுதிவைத்திருக்கிறேன். எழுதிவிட்டு, குழுவில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தூங்கியிருக்கிறேன்.

சரி, நாங்கள் என்ன மாற்றினோம் என்பதற்கு வருகிறேன்.

பெரிய குழுவைக் கலைத்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். சேர்க்க முடியும் என்பதற்காகச் சேர்க்க வேண்டுமா? நானூறு பேர் முன்னால் மேடையில்தான் பேச முடியும், கஷ்டத்தைச் சொல்ல முடியாது. இப்போது வாட்ஸ்அப்பின் கம்யூனிட்டி வசதியில் அறிவிப்புக்கு மட்டும் ஒரு பொதுவிடம் இருக்கிறது. அதில் உறுப்பினர்களின் எண் அட்மின்களுக்கும், ஏற்கெனவே தங்கள் போனில் அதைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும். பேசுவதற்கு, பதினைந்து இருபது பேர் கொண்ட சிறு குழுக்கள். விடுதிவாரியாகச் சில, ஃபெலோஷிப் வகைவாரியாகச் சில, பெண்களுக்குத் தனியாக இரண்டு, அவற்றுக்குப் பெண்களே அட்மின்கள். இணைப்பைத் தட்டி யார் வேண்டுமானாலும் நுழைவதை நிறுத்தினோம். ஏற்கெனவே இருக்கும் ஒருவர் அறிமுகம் செய்ய வேண்டும். இது மூடிய சங்கமாகிவிடாதா என்று ஒரு தோழர் சண்டை போட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, புதிதாக வரும் மாணவர்களில் யாரையும் தெரியாதவர்கள்தான் நம்மை அதிகம் தேடுகிறவர்கள். அதனால் சேர்க்கைக் காலத்தில் அலுவலக வாசலில் ஒரு மேசை போட்டு நேரில் பார்த்துச் சேர்க்கிறோம். முழுத் தீர்வு இல்லை.

செய்திகள் தானாக மறையும்படி வைக்கலாமா என்பதிலும் கருத்து வேறுபாடு வந்தது. மறைந்தால் பாதுகாப்பு. ஆனால் நாளைக்குப் புகார் கொடுக்க வேண்டுமென்றால் சான்று வேண்டுமே. கடைசியில் 90 நாள் என்று வைத்து, தன் பிரச்சினை தொடர்பான ஆவணங்களை அவரவரே தேதியோடு சேமிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தோம். ஸ்கிரீன்ஷாட்டை எந்த ஏற்பாட்டாலும் தடுக்க முடியாது. அதனால் கைடு பெயர், துறைப் பெயர் இல்லாமல் கேள்வி கேட்கவும், விவரத்தைத் தொலைபேசியில் பேசவும் பழக்கினோம்.

இவற்றைவிட முக்கியமானது முறைவைத்து வேலை பார்ப்பது. வாரத்துக்கு இரண்டு பேர். எந்தக் குழுவில் எந்தக் கேள்வி வந்தாலும் ஒரு நாளுக்குள் பதில் போக வேண்டும். விடை தெரியாவிட்டால் "தெரியவில்லை, நாளை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்பதும் பதில்தான். ஒரே ஆள் இழுத்துக்கொண்டு போகும் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் இதழ்களின் வரலாறே சாட்சி. 1927இல் பாபாசாகேப் தொடங்கிய 'பஹிஷ்கிருத் பாரத்'தின் எழுத்துச் சுமை பெரும்பாலும் அவர் ஒருவர் தோளிலேயே இருந்தது. 1929இல் அது நின்றுபோனது. அவருக்கே அப்படி என்றால் நாம் எந்த மூலைக்கு?

முறைவைத்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. தினமும் வணக்கம் படம் போடும் அண்ணன் ஒருவரிடம் இனி வேண்டாம் என்றோம். "அம்பேத்கர் படம் போடக் கூடாதா?" என்று கொதித்துவிட்டார். சமாதானப்படுத்த அவரை அந்த வாரப் பொறுப்பில் போட்டோம். பார்த்தால், நிர்வாக அலுவலகத்தில் எந்த மேசையில் எந்தக் கோப்பு நிற்கும், எந்த எழுத்தர் மதியத்துக்கு மேல் இருக்க மாட்டார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்களில் அதிகம் பதில் சொன்னவர் அவர்தான். இவ்வளவு நாளாக அவருக்குத் தெரிந்ததைச் சொல்ல நாங்கள் இடம் கொடுக்கவில்லை, படம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஃபெலோஷிப் விஷயம் எப்படி வெளிவந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். 42,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். தாளில் நல்ல தொகை. கைக்கு வர, ஒவ்வொரு மாதமும் இந்த மாணவர் ஆய்வில் இருக்கிறார் என்று பல்கலைக்கழகம் இணையதளத்தில் உறுதி செய்ய வேண்டும். ஒருவர் பதிவேற்ற வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். இரண்டில் ஒன்று நின்றாலும் பணம் நிற்கும். சிறு குழுக்களில் நாங்கள் ஒரு அட்டவணை வைத்தோம். பெயர் கிடையாது, துறை கிடையாது. எந்த வகை ஃபெலோஷிப், கைடு கையெழுத்தான தேதி, கடைசியாகப் பணம் வந்த மாதம், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் நிரப்பினார்கள். பார்த்தால் பெரும்பாலோருக்குக் கைடு கையெழுத்து சரியான நேரத்தில் ஆகியிருக்கிறது. பணம் நின்றது அதற்கப்புறம், இரண்டாவது ஒப்புதலில். அதுவரை ஒவ்வொருவரும் தன் படிவத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்துத் தனித்தனியாக, கெஞ்சாத குறையாக அலைந்துகொண்டிருந்தார்கள்.

அட்டவணையைச் சங்கத்தின் பெயரில் மனுவாகக் கொடுத்தோம். மனுவில் எந்த மாணவரின் பெயரும் இல்லை. முதல் முறை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை நாற்பது பேர் சேர்ந்து போனோம். குழுவில் ஒரு வார்த்தை எழுதாதவர்கள் பலர் வந்திருந்தார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் பெரும்பாலோருக்குப் பணம் வந்தது. கைடே கையெழுத்துப் போடாத மூன்று பேருக்கு வரவில்லை. அதற்கு அட்டவணை உதவாது. அந்தப் போராட்டம் வேறு, இன்னும் நடக்கிறது. வெற்றிக் கதையாக இதைக் கேட்டுவிட்டுப் போகாதீர்கள்.

உங்கள் குழுக்களில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணாதீர்கள். கேட்ட கேள்விகளில் எத்தனைக்குப் பதில் போனது என்று எண்ணுங்கள். எங்கள் சிறு குழுக்களில் இன்றைக்கும் பாதிப்பேர் பேசுவதில்லை. ஆனால் மாதம் பிறந்தால் அட்டவணை நிரம்பிவிடுகிறது.

அந்தத் தங்கையிடம் ஒருநாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா" என்றார். பணம் வராத அந்த மூன்று பேரில் அவரும் ஒருவர். திரும்பக் குழுவில் சேர்க்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். போன மாதம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. மாத உறுதிப்படுத்தலுக்குக் கடைசித் தேதி எது என்று கேட்டார். குழுவில் போட்டிருக்கிறோமே என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, தேதியைச் சொன்னேன். எழுதிக்கொள்வதற்காக இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.