காகித நிலவும் இருநூறு டொலரும்



வண்ணப் படங்களே வழக்கமாகிவிட்ட 1973ஆம் ஆண்டில், பீட்டர் பொக்டனோவிச் என்ற அமெரிக்க இயக்குநர் கறுப்பு வெள்ளையில் எடுத்த நகைச்சுவைப் படம் 'பேப்பர் மூன்'. கதை, 1930களின் பொருளாதார மந்தக் காலத்துக் கன்சாஸில் நிகழ்கிறது.

மோசஸ் பிரே ஊர் ஊராய்த் திரியும் எத்தன். பத்திரிகையில் மரண அறிவித்தல்களைப் படித்துவிட்டு விதவைகளின் வீட்டுக்குப் போவான். இறந்துபோன கணவர் உங்களுக்கென்று ஒரு வேதாகமத்துக்குச் சொல்லிவைத்திருந்தார், உங்கள் பெயரையும் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறோம் என்பான். அழுதுகொண்டிருக்கும் பெண் மறுப்பாளா?

தாயை இழந்த ஒன்பது வயதுச் சிறுமி எடியை உறவினரிடம் சேர்க்கும் பொறுப்பு இவனிடம் வருகிறது. தாயின் சாவுக்குக் காரணமான காரோட்டியின் சகோதரனிடம், பிள்ளையின் பெயரைச் சொல்லி 200 டொலர் கறந்துவிடுகிறான். எடி அதை ஒட்டுக்கேட்டுவிடுகிறாள். 'என் இருநூறு டொலரைத் தா' என்று உணவுக்கடையில் சண்டை பிடிக்கிறாள். பணம் செலவாகிவிட்டது. ஆகவே அதை உழைத்துக் கொடுக்கும்வரை அவளையும் கூட்டிக்கொண்டு திரியவேண்டியதாகிறது.

குரு ஒருவகை என்றால் சீடப்பிள்ளை இன்னொருவகை. வீட்டின் வசதி பார்த்து வேதாகமத்தின் விலையை ஏற்றுவாள். பிள்ளைகள் நிறைந்த ஏழை விதவைக்கோ சும்மா கொடுத்துவிடுவாள். மோசஸுக்கு வயிற்றெரிச்சல்!

பல்லேபொலவில் என்னுடன் இருந்து இப்படத்தைப் பார்த்த மாணவனொருவன், "சேர், அவர் உண்மையில் தகப்பன்தானா?" என்று கேட்டான். படம் அதைச் சொல்வதில்லை. இருவருக்கும் தாடை ஒன்றுபோல் இருப்பதாக எடி சொல்வாள், அவன் மறுப்பான். நடித்தவர்களோ நிஜத் தந்தையும் மகளும்: ரயன் ஓநீலும் டேட்டம் ஓநீலும். 1974இல் துணைநடிகைக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றபோது டேட்டமுக்குப் பத்து வயது.

தமிழிலே 'கடன்' என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள். புறநானூற்றிலே பொன்முடியார், பிள்ளையை நல்லவனாக்குவதைத் தந்தையின் கடனாகச் சொல்கிறார். இந்தத் தந்தை (தந்தைதான் என்றால்) கற்றுக்கொடுப்பது களவு. ஆனாலும் உறவென்று ஒப்புக்கொள்ள வாய்வராத இருவரும் அந்த 200 டொலரைத்தான் பற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் உறவினர் வீட்டில் இறக்கிவிடப்பட்ட எடி, பெட்டியோடு திரும்பி ஓடிவருகிறாள். மோசஸ் வேண்டாம் என்கிறான். 200 டொலர் இன்னும் பாக்கி என்கிறாள். அதற்குள் அவனுடைய ஓட்டை லொறி சாரதியில்லாமலே சரிவில் உருளத் தொடங்குகிறது. இருவரும் அதைத் துரத்திப் பிடித்து ஏறிக்கொள்கிறார்கள்.